மேல்வரிசைப் பல்

தை மாசம் பிறந்துவிட்டால் சிறுவாச்சூருக்குக் கிழக்கே எந்த ஊருக்குள் நுழைந்தாலும் சின்ன வெங்காய வாடைதான். சோற்றில் அடிக்கும். தலைமுடியில் அடிக்கும். துவைத்துக் காயப்போட்ட சேலையில்கூட அடிக்கும். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடை என்பதே தெரியாது.

சம்பூர்ணத்துக்கும் தெரியாது. பனி ஈரம் காயாத வெங்காயக் கொல்லையில் மற்ற பொம்பளைகளோடு வட்டமாக உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு வெங்காயத் தாள் அறுப்பாள். பிடுங்கி வாடப்போட்ட வெங்காயம் நடுவில் குவிந்து கிடக்கும். ஒரு கொத்தை எடுத்து ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். காய் கூடைக்கு, தாள் முதுகுக்குப் பின்னால். ஒட்ட அறுத்துவிட்டால் பட்டறை போட்டுச் சேர்த்து வைக்கும்போது காய் அழுகிப்போகும். நீளமாக விட்டால் கொல்லைக்காரர் வரப்பில் நின்று கத்துவார். கை தானாக ஓடும், வாயும் தானாக ஓடும்.

அவள் மகள் சிவரஞ்சனி கைக்குழந்தையாக இருந்தபோது வரப்பு வேம்பில்தான் தூளி. பழைய வேட்டித் துணியில் வெல்லத்தை முடிந்து, தண்ணீரில் நனைத்து, வாயில் கொடுத்துவிட்டு வேலைக்கு உட்காருவாள். பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே கிடக்கும். பொழுது சாய்கிறவரைக்கும் சத்தம் வராது. கொல்லை வேலைக்குப் போன எல்லாத் தாய்மாரும் அதைத்தான் செய்தார்கள். ரஞ்சனிக்கு முன்பல் நாலும் முளைத்த வேகத்தில் கறுத்து, மிளகு மாதிரி தேய்ந்துபோயின. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரிக்கும்போது பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெங்காயத்தின்போது அவளுக்கு நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. அம்மாவோடு கொல்லைக்கு வந்து தாள் குவியலில் புரண்டு விளையாடுவாள். இருசம்மாள்தான் முதலில் பார்த்தது. வட்டத்தில் மூத்தவள் அவள். கையைவிட வாய் வேகம்.

"ஏ சம்பூர்ணம், ஒம்மவ என்ன ஒரு பக்கமாவே மெல்லுறா? கெழட்டு ஆடாட்டம்."

"பல்லு வலிக்குதுங்குறாக்கா. நேத்துலேருந்து."

"எந்தப் பல்லு? பாப்பா, இங்க வா. ஆ காட்டு."

ரஞ்சனி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"காட்டுடி. பெரியம்மா கடிச்சா தின்னுறப் போறேன்? எனக்கே நாலு பல்லுதான் மிச்சம்."

அதற்கு ரஞ்சனி சிரித்தாள். சிரித்த நேரத்தில் இருசம்மாள் தாடையைப் பிடித்துவிட்டாள். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம், மேல்வரிசை, கடவாயில் ஒரு பல் கறுத்துக் குழி விழுந்து, நடுவில் சோற்றுப் பருக்கை அடைத்துக் கிடந்தது.

"சொத்தடி. ஈறு செவந்து போயிருக்கு. டவுன்ல பொம்பளப் பல்லு டாக்டரு ஒண்ணு வந்திருக்காம். எம்மருமவ போயிட்டு வந்தா. நல்லாத்தான் பாக்குதாம்."

"நல்லாப் பாக்கட்டும். பல்லு டாக்டருன்னு அந்தாளு காதுல வுழுந்தாப் போதும், வூடு ரெண்டாயிடும்."

வட்டத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சம்பூர்ணத்தின் புருஷன் அரியமுத்து வெள்ளையடிக்கிறவன். தொண்ணூற்றைந்து பொங்கலுக்கு முந்தின வாரம் கூட வேலை செய்கிற முத்துவேலோடு சேர்ந்து பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றிக்கொண்டிருந்தான். கொதித்த சுண்ணாம்பு குபுக்கென்று தெறித்தது. முத்துவேலுக்கு ஒரு கண்ணில், அரியமுத்துவுக்கும் ஒரு கண்ணில். முத்துவேல் இரண்டு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தான், சரியாகிவிட்டது. அரியமுத்துவின் இடது கண் பூத்துப்போய் வெள்ளையாக நின்றுவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அவன் இடது பக்க மேல்வரிசைக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தான். ஒரே சுண்ணாம்பு, இரண்டு பேர், ஒரு கண்தான் போயிருக்கிறது என்றால் வேறென்ன காரணம்? பல்லைப் பிடுங்கும்போது கண்ணுக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது, நரம்பு இல்லாத கண் சுண்ணாம்பைத் தாங்கவில்லை. ஊர் அப்படித்தான் முடிவு செய்தது. அரியமுத்துவும் அதைத்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அடிக்கிற சுவரின் இடது ஓரத்தில் திட்டுத் திட்டாய் விட்டுப்போகும். பொங்கல் சமயத்தில் சம்பூர்ணமும் கூடவே போய், "இந்தா, இங்க வுட்டுட்ட" என்று காட்டுவாள்.

அன்றைக்குப் பொழுது சாய அவன் வந்ததும் சொன்னாள்.

"பாப்பாவுக்குப் பல்லு சொத்தயா இருக்குய்யா."

"எந்தப் பல்லு?"

"கடவா."

"மேலயா கீழயா?"

சம்பூர்ணம் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் ஏறியது. "மேல" என்றாள்.

அவன் மகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கண்ணைத்தான் பார்த்தான். கீழ் இமையை இழுத்து, மேல் இமையைத் தூக்கி, சந்தையில் மாடு பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"பூச்சி எடுத்தாச் சரியாப் போயிடும். நாளைக்கு வீராயிகிட்ட இட்டுக்கிட்டுப் போறேன்."

வீராயி அடுத்த ஊர். பல் பூச்சி எடுக்கிறவள். வாசலில் எப்போதும் இரண்டு பேராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் மூன்று பேருமாய்ப் போனார்கள். பழைய ஏர்க்கொழு ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வைத்து, மேலே கண்டங்கத்திரி விதையும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு, அடி ஓட்டையான சட்டியால் கவிழ்த்து மூடினாள் வீராயி. ஓட்டையில் பப்பாளித் தண்டைச் சொருகி ரஞ்சனியின் வாயில் வைத்தாள்.

"இழுக்காதடி. வாயில வச்சுக்க. பூச்சி தானா எறங்கும்."

பிள்ளை இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீராய் நின்றாள். கடைசியில் சட்டியைத் தூக்கினால், தாம்பாளத்துத் தண்ணீரில் வெள்ளையாய், நூல் துண்டு மாதிரி, அஞ்சாறு மிதந்தன.

"பாத்துக்க. இத்தினியும் ஒம்மவ பல்லுலேருந்துதான்."

அரியமுத்து குனிந்து, நல்ல கண்ணைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைச் சம்பூர்ணம் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. திரும்பி வரும்போது சந்தைக் கடையில் பிள்ளைக்குத் தேன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

அதைவிட ஆச்சரியம், வலி நின்றுவிட்டது. இரண்டு நாள் ரஞ்சனி கம்பஞ்சோறு தின்றாள், கருவாடு கேட்டாள், தாள் குவியலில் குட்டிக்கரணம் போட்டாள். அரியமுத்து தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் வீராயி பெருமை பேசிவிட்டு, வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்குப் போகிற லாரியில் இறக்குக் கூலியாய் ஏறிப் போனான். போனால் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

அவன் போன மறுநாள் காலையில் பிள்ளை எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. போர்வையை விலக்கிப் பார்த்த சம்பூர்ணத்துக்கு, படுத்திருப்பது வேறு யாரோ பிள்ளை மாதிரி இருந்தது. வலது கன்னம் பன் மாதிரி உப்பி, பளபளவென்று, கண்ணுக்குக் கீழ் வரைக்கும் ஏறியிருந்தது. வலது கண் பாதி மூடிக்கிடந்தது.

அவள் அழவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருசம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, பல்லு டாக்டரு எங்க இருக்குன்ன?"

இருசம்மாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அரிவாள்மணையைக் கீழே போட்டாள். "இரு, சேலய மாத்திக்கிட்டு வரேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாரத்தில் சிறுவாச்சூர் காளியம்மன் கோயில் திறக்கிற இரண்டு நாளில் ஒன்று என்பதால் பஸ்ஸெல்லாம் படியில் ஆள் தொங்க வந்தன. கோயிலுக்கு வந்த மொட்டைத் தலைகளுக்கும் மாலைகளுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு பெரம்பலூர் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது டவுன் என்றால் அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் பன்னீர் சோடாக் கடை, கேசட் கடையில் ஸ்பீக்கர் கிழிகிற பாட்டு, உரக்கடைகளின் மருந்து நாற்றம். ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் லீலாவதி. வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். ரஞ்சனியைப் பார்த்ததும், காத்திருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் உள்ளே கூப்பிட்டார்.

விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தவர், "எத்தனை நாளா வலிச்சுது?" என்று கேட்டார்.

"வலிச்சுது, அப்புறம் நின்னுபோச்சுங்க. பூச்சி எடுத்தோம். நல்லாத்தான் இருந்தா."

டாக்டர் பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உள்ள இருக்கற நரம்பு செத்துப்போச்சு. அதான் வலி நின்னுது. இப்ப வேருக்கடியில சீழ் கட்டி மேல ஏறுது. மருந்து தரேன். வீக்கம் வத்துனதும் பல்ல எடுத்துறணும்."

"பால் பல்லுதானுங்களே? தானா வுழுந்துறாதா?"

"இது விழ இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சீழ் உள்ளயே கெடந்தா அடியில மொளைக்கப் போற பல்லும் கெடும். இன்னும் மேல ஏறினா கண்ணுக்கே ஆபத்து."

"புடுங்குனா மறுபடி மொளைக்குங்களா? பொம்பளப் புள்ள. பொக்கையா நின்னுடப் போவுது."

"மொளைக்கும். நிச்சயமா மொளைக்கும்."

"சின்னப் புள்ளைக்கு ஊசி தாங்குங்களா?"

"தாங்கும்மா. முன்பல்லெல்லாம் ஏன் இப்படி? ராத்திரி பால் புட்டி குடுத்தீங்களா?"

"புட்டியெல்லாம் இல்லைங்க. வெல்ல முடிச்சு."

"அது என்ன?"

இருசம்மாள் சொன்னாள், கையால் முடிந்தும் காட்டினாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருசம்மாள் முந்திக்கொண்டாள். "புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு வெங்காயம் அறுக்க முடியாதுங்களே டாக்டரம்மா. எனக்கு அஞ்சு புள்ள. அஞ்சும் அதுல வளந்ததுதான்."

டாக்டர் சீட்டை இழுத்து மருந்து எழுதினார். "வர்ற வெள்ளிக்கிழமை வாங்க. பாப்பாவோட அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. புள்ளையப் புடிச்சுக்க ஆள் வேணும்."

சம்பூர்ணம் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். கண்ணுக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அரியமுத்து திரும்பி வந்தபோது வீக்கம் முக்கால்வாசி வற்றியிருந்தது. பிள்ளை வாசலில் உட்கார்ந்து தட்டில் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சம்பூர்ணம் சொன்னாள். மறைக்கவில்லை. அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"என்னக் கேக்காம இட்டுக்கிட்டுப் போயிருக்க."

"நீ திருச்சியில இருந்த. புள்ள இங்க கண்ண மூடிக்கிட்டுக் கெடந்துச்சு."

"அதான் வத்திருச்சுல்ல? பெறகு எதுக்குப் புடுங்கறது?"

"மருந்துல வத்தியிருக்கு. திரும்ப வருமாம்."

"வந்தா மருந்து குடு. பல்லுல கைய வைக்க வுட மாட்டேன். ஒத்தக் கண்ணோட நான் படுறது பத்தாதா? அவ பொட்டப் புள்ள. ஒத்தக் கண்ணுப் பொண்ண எவன் கட்டுவான்?"

"ஒங்கண்ணு போனது போச்சு, அதையே சொல்லிக்கிட்டு..."

"பல்லாலதான் போச்சு."

"சரிய்யா. பல்லாலயே போச்சுன்னு வச்சுக்க. இவளுக்குப் பல்லப் புடுங்கவே இல்ல. புடுங்காமயே கண்ணு மூடிக்கிச்சு. அதுக்கு என்ன சொல்லுற?"

நாலு வருஷத்தில் சம்பூர்ணம் அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அவன் பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை எடுத்து எடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது மகளைப் பக்கத்தில் இழுத்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஓரத்தில் இன்னும் கல் மாதிரி ஒரு கெட்டி இருந்தது. அங்கே விரல் பட்டதும் பிள்ளை தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் பல் என்கிற பேச்சே இல்லை. வெங்காயத்தைப் பட்டறை போட்டார்கள். மூங்கில் படலுக்கு நடுவில் காயைக் கொட்டி, மேலே சோளத்தட்டை வேய்கிற வேலை. அரியமுத்து மேலே நின்று வேய்ந்தான். சம்பூர்ணம் கீழிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை பொழுது இறங்குகிற நேரம், மேலிருந்து அவன் கேட்டான்.

"நாளைக்கு எந்த பஸ்ஸு?"

"எட்டே முக்கா."

"நானும் வரேன்" என்றான். பிறகு, "வேடிக்கை பாக்கத்தான்" என்று சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவன் இரண்டு பேருக்கும் பின்னால்தான் ஏறினான். டாக்டர் அறைக்குள் வரமாட்டேன் என்று கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். ரஞ்சனி நாற்காலியில் ஏற மாட்டேன் என்று அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படி நிற்பதைப் பார்த்து டாக்டருக்கு லேசாய்ச் சிரிப்பு வந்தது.

"நீங்க உள்ள வந்தாத்தான் பாப்பா வருவா. வாங்க."

"பல்லப் புடுங்கித்தாங்க என் கண்ணு போச்சு" என்றான் அரியமுத்து. வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னான்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "எப்படி, சொல்லுங்க."

அவன் சொன்னான். எல்லாரிடமும் சொல்கிற மாதிரியே. பத்து நாள் முன்னால் பல், அப்புறம் பீப்பாய், முத்துவேல். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். அவன் முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சுண்ணாம்பு பட்ட உடனே கண்ணுக்கு என்ன பண்ணீங்க?"

அரியமுத்து சம்பூர்ணத்தைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"தாய்ப்பால் வுட்டோங்க. இவ அப்ப கைப்புள்ள."

"தண்ணி ஊத்தலையா?"

"நான் கொடத்த எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். இவுரு வேணாம்னுட்டாரு."

"சுண்ணாம்புல தண்ணி பட்டாக் கொதிக்குங்க" என்றான் அரியமுத்து. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா என்கிற மாதிரி இருந்தது குரல். "கல்லு மேல தண்ணிய ஊத்துனா பீப்பாயே கொதிக்குது. கண்ணுல ஊத்துனா கண்ணு வெந்துறாதா? சின்னதுலேருந்து இதே வேல. எனக்குத் தெரியாதா?"

"முத்துவேல்?"

"அவன் ஒரு கிறுக்கன். கெணத்துத் தொட்டிக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு..."

அவன் நிறுத்தினான்.

கீழே உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கினார்கள். தரை அதிர்ந்தது. டாக்டர் மேஜை மேலிருந்த பஞ்சு டப்பாவைச் சரிசெய்தார். "நான் கண் டாக்டர் இல்லைங்க" என்றார். "ஆனா அந்தச் சமயத்துல தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டே இருந்திருந்தா..." மேலே சொல்லாமல் விட்டுவிட்டார்.

"அப்பப் பல்லால போகலையா?"

"பல்லால இல்லைங்க."

சம்பூர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குடத்திலிருந்த தண்ணீரை அவள் எங்கே கொட்டினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. இடுப்பு நனைந்தது மட்டும் நினைவிருந்தது. ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டலாம் என்றே தோன்றியதில்லை. நரம்புதான் காரணம் என்று அவளும் நம்பித்தான் இருந்தாள், அல்லது நம்புவது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

அரியமுத்து செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். சாய்ந்த நாற்காலியில் தானே ஏறிப் படுத்தான். "பாப்பா, வா. அப்பா மேல வந்து உக்காரு" என்றான்.

ரஞ்சனி சேலையை விட்டாள். அவன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவள் இரண்டு கையையும் அவன் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டான். விளக்கு இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. ஊசி குத்தும்போது பிள்ளை வீறிட்டாள், காலை உதைத்தாள். உதை அவன் முழங்காலில் விழுந்தது. அவன் பிடியை விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று முடிவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தான். மரத்துப்போன பிறகு பல் வந்தது பிள்ளைக்குத் தெரியவே இல்லை. தட்டில் டக்கென்று விழுந்த சத்தத்துக்கு அப்பன்தான் நடுங்கினான்.

"இத்தினியூண்டு" என்றாள் சம்பூர்ணம், தட்டை எட்டிப் பார்த்து.

குழியில் பஞ்சை வைத்தபோது டாக்டர் கையிலிருந்த வாட்சைப் பிள்ளை எட்டிப் பிடித்தாள். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, துப்பக் கூடாது.

பஸ் ஸ்டாண்டில் திண்டு ஒன்றில் உட்கார்ந்தார்கள். பஸ் வர நேரமிருந்தது. அரியமுத்து சோடா குடித்தான். பாதியைச் சம்பூர்ணத்திடம் கொடுத்தான். ரஞ்சனி உதட்டை இறுக்கிக்கொண்டு, கன்னத்தில் காய்ந்த கண்ணீரோடு, ரொம்பக் கோபமாக உட்கார்ந்திருந்தாள். கடலை விற்கிறவன் வந்தான். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

அரியமுத்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினான்.

"எத்தினி?" என்று விரலைக் காட்டினான்.

பேசக் கூடாது என்பதால் அவள் தன் விரலை நீட்டினாள். மூன்று.

"இது?"

ஒன்று.

"இது?"

ஐந்து. கையை அகல விரித்து அவன் மூஞ்சியில் அறைகிற மாதிரி காட்டினாள்.

"தெரியுதுடி" என்றான் சம்பூர்ணத்திடம்.

"தெரியாம? அவதான் டாக்டரு வாட்ச எட்டிப் புடிச்சாளே."

அவன் கையை எடுத்தான். எழுந்திருக்கப் போனவனை ரஞ்சனி சட்டையைப் பிடித்து இழுத்தாள். விளையாட்டு அவளுக்கு இன்னும் முடியவில்லை. குட்டிக் கையால் அவன் வலது கண்ணைப் பொத்தினாள், அந்த நல்ல கண்ணை. இன்னொரு கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

வெள்ளைக் கண் அந்தக் கைக்கு நேராகத் திறந்திருந்தது. அரியலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. பிள்ளையின் கையைத் தட்டிவிடப் போகிறான் என்று சம்பூர்ணம் நினைத்தாள். அவன் அப்படியே குந்தியிருந்தான்.

"ரெண்டு" என்றான்.

பிள்ளை நீட்டியிருந்தது மூன்று விரல். தன் விரல்களை ஒரு தடவை பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். பஞ்சைக் கடித்தபடியே, ஒரு விரலை மெதுவாக மடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவன் கண்ணிலிருந்து கையை எடுத்து, பார்த்துக்கொள் என்று அந்த இரண்டு விரலையும் அவனுக்குக் காட்டினாள்.